ஆணி என்ன செல்லுது?

போன கிழமையும் இரண்டு பேர் வந்தார்கள். இளவட்டங்கள். வெள்ளை நிறத்தில் ஒரு சின்னக் கார், பின்கதவு மேல்நோக்கித் திறக்கிற மாதிரி. வாசலில் நிறுத்திவிட்டு ஃபோனில் ஒரு படத்தைக் காட்டினார்கள். பார்த்தவுடனே எனக்குத் தெரிந்துவிட்டது. நாங்கள் கட்டிய கார்.

"ஹனீபா நானா கராஜ்ல இருந்த ராமா பாஸ் நீங்கதானுங்களே?"

கண்டிப் பக்கத்தில் கைவேலை தெரிந்தவன் எல்லோரும் பாஸ்தான். முதலாளி என்று அர்த்தமில்லை. கதவுக்குப் பிணைச்சல் போடுகிறவனும் பாஸ், கிணறு வெட்டுகிறவனும் பாஸ். ஆமாம், நான்தான் என்றேன்.

"இந்தக் காரு ட்ராக்ல திரும்புன மாதிரி வேற எந்தக் காரும் திரும்பலன்னு சொல்றாங்க மாமா. பின்னால ஒரு கம்பி போட்டீங்களாமே. எங்களுக்கும் ஒண்ணு செஞ்சு தாங்க."

"கை நடுங்குது தம்பி. இப்ப ஏலாது."

என் கை நடுங்குவதில்லை. நேற்றுக்கூட ஊசியில் நூல் கோத்தேன்.

"அப்ப அளவ மட்டும் சொல்லுங்க மாமா. லேத்துல குடுத்து செஞ்சுக்கிறோம்."

லேத் என்ற சொல்லைக் கேட்டதும் எழுந்து உள்ளே போய்விட்டேன். மகள்தான் அவர்களுக்கு ஏதோ சமாதானம் சொல்லி அனுப்பினாள். பிறகு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "எத்தன பேருக்குத்தான் கை நடுங்குதுன்னு சொல்லுவீங்க? சொல்லுங்கப்பா, எழுதி வச்சிடுவோம்" என்றாள். எனக்குப் பள்ளிக்கூடம் அவ்வளவாகக் கிடையாது. நான் சொல்கிறேன், அவள் எழுதுகிறாள். எழுத்தில் நயம் ஏதாவது இருந்தால் அது அவளுடையது. ஆட்களின் பெயரை மட்டும் மாற்றியிருக்கிறேன், என் பெயர் உட்பட.

நான் பிறந்தது தெல்தோட்டைப் பக்கம், தேயிலைத் தோட்டத்து லயத்தில். அங்கிருந்து கண்டிக்கு வருகிற பஸ் அந்தக் காலத்தில் நெளிந்து நெளிந்துதான் வரும். வளைவு வந்தால் பஸ்ஸில் நிற்கிற பெண்கள் எல்லோரும் கூடையோடு ஒரு பக்கம் சாய்வார்கள். என் அம்மா என் தலையைப் பிடித்து உள்பக்கமாகச் சாய்ப்பாள். "சாயுடா, இல்லாட்டி பஸ்ஸு பெரண்டுரும்" என்பாள். நான் சாயாவிட்டால் பஸ் பிரண்டுவிடும் என்று வெகு நாள் நம்பிக்கொண்டிருந்தேன். பிற்காலத்தில் கராஜ் முதலாளி ஹனீபா நானாவிடம் இதைச் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. "ஒங்க உம்மா செல்லினது சரிதானே. பாரம் எந்தப் பக்கம் போகுதோ அந்தப் பக்கந்தான் டயருக்கு உசிர்" என்றார். அம்மா இறந்து வெகு காலத்துக்குப் பிறகு அவளை ஒருவர் மெச்சிய ஒரே தடவை அது.

அவரிடம் வேலை பழகிய கதையில் சொல்ல ஒன்றுமில்லை. மண்ணெண்ணெயில் நட்டுக் கழுவினேன், ஏச்சு வாங்கினேன், மீசை முளைத்தது. அவ்வளவுதான். கராஜ் மாவில்மடையில், ஆற்றுக்குப் போகிற இறக்கத்தில் இருந்தது. இரும்பு கேட், நடுவில் இறங்கி வேலை செய்கிற குழி, ஒரு பலாமரம். பலாப்பழக் காலத்தில் வாகனம் எதையும் அந்த மரத்துக்குக் கீழே நிறுத்தமாட்டோம்.

நானாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். முஸ்லிம் வீடுகளில் அண்ணனை நானா என்பார்கள், எங்கள் எல்லோருக்கும் அவர் நானாதான். ஒல்லியான மனுசன். சத்தம் போடமாட்டார். எதையும் கண்ணால் பார்த்து முடிவுசெய்யமாட்டார், தொடுவார். பெயரிங் சூடா, தொடுவார். வெல்டிங் ஆறியதா, புறங்கையால் தொடுவார். தொட்டபிறகு உள்ளங்கையை விரித்து, ஏதோ எழுதியிருக்கிற மாதிரி ஒரு பார்வை பார்ப்பார். பிறகு அந்தக் கையைக் களிசான் காற்சட்டையின் இடது முழங்காலில் துடைப்பார். அதனால் அவருடைய எல்லாக் களிசானிலும் இடது முழங்கால் கறுப்பு. "முழங்கால் மட்டும் தனியா விக்கிற கடை எங்கயாச்சும் ஈக்குதா" என்று அவருடைய மனைவி கேட்பாராம்.

காரை ஓட்டிப் பார்க்கும்போதும் அவர் முன்னால் உட்காரமாட்டார். என்னை ஓட்டச் சொல்லிவிட்டுப் பின் சீட்டில் நடுவில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்வார். "முன்னால உக்காந்தா கார் நல்ல புள்ள மாதிரி நடிக்கும். களவு எல்லாம் பின்னாலதான்" என்பார்.

சின்னக் காரை ரேஸ் ட்ராக்குக்குத் தயார் செய்கிற வேலை எங்களுக்குப் பிற்காலத்தில்தான் வந்தது. வெளிநாட்டிலிருந்து வாகனம் இறக்குவதை அரசாங்கம் நிறுத்தியிருந்த சமயம். புதுக் கார் வாங்க வழியில்லாத பொடியன்மார் இருக்கிற காரையே நோண்டத் தொடங்கினார்கள். முக்கால்வாசிப் பேர் ஸ்பிரிங்கை கேஸ் நெருப்பால் வெட்டிக் காரைத் தரையோடு தரையாக இறக்கிக்கொண்டு வருவார்கள். நெருப்புப் பட்ட ஸ்பிரிங் செத்த ஸ்பிரிங். நானா அதைப் பார்த்துவிட்டு, "ஒயரம் கொறஞ்சா ரேஸ் கார் எண்டா, காத்துப் போன கார் எல்லாம் ரேஸ் கார்தானே மகன்" என்பார். அவர்கள் முகம் சுண்டிப் போகும். ஆனாலும் திரும்ப அவரிடம்தான் வருவார்கள்.

இந்தச் சின்னக் கார்களில் முன் சக்கரம்தான் இழுக்கிறது. அதே சக்கரம்தான் திரும்பவும் வேண்டும். ஒருத்தன் தலையிலேயே இரண்டு சுமையை வைத்தால் என்ன ஆகும்? வளைவுக்குள் வேகமாகப் போனால் அந்தச் சக்கரம் கைவிட்டுவிடும். ஸ்டியரிங்கை எவ்வளவு ஒடித்தாலும் கார் நேரே போகப் பார்க்கும். இதற்கு எங்கள் கராஜில் 'மூக்குத் தள்ளுது' என்று பெயர். ட்ராக்கில் மூக்குத் தள்ளுகிற கார் ஜெயிக்காது.

அதைச் சரிப்படுத்த நானா ஒரு முறை வைத்திருந்தார். முதலில் காரைச் சமதரையில் நிறுத்தி, நான்கு மூலையிலும் ஸ்டாண்ட் வைத்து, இரண்டு பக்கமும் மீன்பிடிக்கிற தங்கூசி நூலை இழுத்துக் கட்டுவோம். நூலுக்கும் ரிம்முக்கும் உள்ள இடைவெளியைப் பார்த்தால் எந்தச் சக்கரம் எங்கே பார்த்துக்கொண்டு நிற்கிறது என்று தெரிந்துவிடும். சக்கரத்தின் சாய்மானத்துக்கு மேசன்மாரின் தூக்குக்குண்டு. இதெல்லாம் செய்யும்போது ஓட்டுகிறவன் சீட்டில் இருக்க வேண்டும், அவனுடைய பாரமும் காரின் பாரம்தானே. ஆனால் நாள் முழுக்க ஒருத்தனை உட்காரவைக்க முடியுமா? அதனால் அவனைத் தராசில் நிறுத்தி, அதே நிறைக்கு ஒரு சாக்கில் ஆற்றுமணலைக் கட்டி, சீட்டில் வைத்து பெல்ட்டையும் போட்டுவிடுவோம்.

பிறகு சுண்ணாம்பு. இது என்னால் வந்தது. எனக்கு வெற்றிலைப் பழக்கம் உண்டு. ஒருநாள் ட்ராக்கில் டயருக்குக் கோடு போடுகிற சோக்கட்டி தீர்ந்துபோய்விட்டது, நான் விரலிலிருந்த சுண்ணாம்பை டயரின் விளிம்பிலிருந்து பக்கவாட்டுக்கு இறங்குகிற மாதிரி இழுத்துவிட்டேன். கார் நாலு சுற்றுப் போய்விட்டு வந்து நின்றது. சுண்ணாம்பு எதுவரைக்கும் அழிந்திருக்கிறதோ அதுவரைக்கும் டயர் மடிந்து தரையில் தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம். சோக்கை விடச் சுத்தமாகக் காட்டியது. நானா தொட்டுப் பார்த்து, உள்ளங்கையைப் பார்த்து, முழங்காலில் துடைத்தார். இப்போது முழங்காலில் வெள்ளையும் சேர்ந்துகொண்டது. அன்றிலிருந்து என் சுண்ணாம்பு டப்பியும் ஸ்பானர் பெட்டிக்குள் போய்விட்டது.

கடைசியாகத்தான் அந்தக் கம்பி. ஒரு பழைய வேனின் முன்பக்கத்திலிருந்து கழற்றிய முறுக்குக் கம்பி. நானா அதைக் கட்டுகஸ்தோட்டையில் ஒரு கொல்லனிடம் கொண்டுபோய், பக்கத்திலேயே நின்று காய்ச்சி வளைத்துப் பதம் போட்டு எடுத்து வந்தார். பின்சக்கரம் இரண்டையும் அது ஒன்றோடொன்று இறுக்கிப் பிடிக்கும். பின்பக்கம் விறைத்தால் முன்பக்கத்துக்குப் பிடி கூடும். மூக்குத் தள்ளாது. வளைவுக்குள் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் பின்பக்கம் தானாகச் சுழன்று காரைத் திருப்பிக் கொடுக்கும். 'வால் வருது' என்போம். ட்ராக்கில் அது அழகு.

அதை முதல்முதல் மாட்டிய அன்றைக்கு நானாவே தனியாகக் காரை எடுத்துக்கொண்டு போனார். தூறல் விழுந்துகொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் நடந்து வந்தார். கார் எங்கே என்று கேட்டேன். "கார் நல்லம். போன திசைய விட்டுட்டு வந்த திசைய பாத்துக்கிட்டு நிக்கிது" என்றார். ஈர ரோட்டில் ஒரு சாதாரண வளைவு, காலை லேசாக எடுத்திருக்கிறார், வால் வந்து காரை முழுசாகச் சுற்றிவிட்டிருக்கிறது. எதிரில் பஸ் வராதது அவருடைய நல்ல காலம். உதடு வெளுத்திருந்தது. பால் விடாத பிளேன்டி ஒன்றைக் குடித்துவிட்டுச் சொன்னார்.

"கம்பனிக்காரன் முட்டாள் இல்ல ராமா. மூக்குத் தள்ளுறது அவன் போட்ட வேலி. பயந்தவன் கால எடுப்பான், எடுத்தா கார் அடங்கிரும். நாங்க அந்த வேலியப் புடுங்கிட்டோம். இனிப் பயந்தவன் கால எடுத்தான் எண்டா அதோட முடிஞ்சான்."

சொல்லிவிட்டு, கேட்டுக்குப் பக்கத்துத் தூணில் ஒரு பெரிய ஆணியை அடித்தார். சட்டம் இதுதான். கம்பியோடு எந்தக் காரும் ரோட்டுக்குப் போகக்கூடாது. ட்ராக்குக்குக் காரை லொறியில் ஏற்றிக் கொண்டுபோய் அங்கேதான் மாட்டுவது. அங்கே மழை, அவசரம் என்று கழற்ற முடியாமல் போனால் லொறியிலேயே திரும்பி வந்து, குழியில் இறங்கிக் கழற்றி அந்த ஆணியில் தொங்கவிட வேண்டும். ஆணி வெறுமையாக இருந்தால் கேட் திறக்காது. சாவி நானாவின் இடுப்பில். கார் ரோட்டில் ஓடப் புறப்படும்போதெல்லாம் அவர் கேட்பார்.

"ஆணி என்ன செல்லுது?"

சொல்லுது என்பதைச் செல்லுது என்றும் இருக்கு என்பதை ஈக்கி என்றும்தான் எங்கள் பக்கத்து முஸ்லிம் ஆட்கள் சொல்வார்கள். "கம்பி இருக்கு நானா" என்று நாங்கள் சொல்ல வேண்டும். சொன்னாலும் அவர் வந்து கம்பியைத் தொடுவார். காருக்கு அடியிலிருந்து அப்போதுதான் கழற்றிய கம்பியில் மண்ணும் கிரீஸும் இருக்கும். கையைப் பார்ப்பார், முழங்காலில் துடைப்பார், பூட்டைத் திறப்பார்.

காரை ஓட்டியவன் அவருடைய ஒரே மகன் பாஸில். மணல் சாக்கும் அவனுடைய நிறைதான். கலியாணம் முடித்தபிறகு சாக்கில் இரண்டு தடவை மணல் சேர்க்க வேண்டி வந்தது. "மாமியார் வீட்டு வட்டிலப்பத்துக்கு ஆத்துல மணல் காணாது போல" என்று நான் சொன்னால், "பாஸ், நீங்க துப்புற வெத்திலய நிப்பாட்டினா ஆத்துல தண்ணியாச்சும் தெளியும்" என்பான். வாய்க்காரன். ஆனால் வாப்பாவின் முன்னால் அந்த வாய் பாதிதான் திறக்கும்.

அவனுக்கு அந்த ஆணியோடுதான் சண்டை.

"வாப்பா, கம்பி இல்லாம இந்தக் கார் எரும மாடு."

"ரோட்டுக்கு எருமதான் நல்லம். எருமையில போனவன் எங்கயாச்சும் பள்ளத்துல விழுந்தீக்கானா?"

"ட்ராக்ல கப் எடுக்கிறது நான். ரோட்டுல மட்டும் எனக்கு ஓட்டத் தெரியாதா?"

"ட்ராக்ல எல்லாரும் ஒரே பக்கம் போறாங்க மகன். ரோட்டுல ஆடு குறுக்க வரும்."

இதை அவர்கள் சிரித்துக்கொண்டுதான் பேசுவார்கள். கேட்டுக்கொண்டு நிற்கிற எனக்கும் சிரிப்பாகத்தான் இருக்கும்.

பாஸிலின் மனைவி நஸ்ரியாவுக்குச் சொந்த ஊர் கலகெதர. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்குப் போயிருந்தாள். பெண் குழந்தை. நாற்பது நாள் கழிந்து, தாயையும் பிள்ளையையும் வீட்டுக்குக் கூட்டிவருகிற நாள் அது. அதற்கு முந்தின நாள்தான் ட்ராக்கில் ஓட்டம் முடிந்து காரை லொறியில் கொண்டுவந்திருந்தோம். அங்கே கொட்டிய மழையில் கம்பியைக் கழற்ற முடியவில்லை. கார் சேறும் சகதியுமாகக் குழியின் மேல் நின்றது.

காலையில் நான் ஒரு வேனின் கியர்பெட்டியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். பாஸில் வந்தான்.

"நீங்க இருங்க பாஸ். ஒங்கட முதுகு பாவம். நானே கழட்டுறேன்."

குழியில் இறங்கினான். ஸ்பானர் சத்தம் கேட்டது. ஏதோ பாட்டை முணுமுணுத்தான். பிறகு மேலே வந்து, காரைக் கழுவி, தானும் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டான். பின்சீட்டில் பிள்ளைக்கு வாங்கிய இளஞ்சிவப்பு நிறக் குளிக்கிற தொட்டி, அதற்குள் கொசுவுக்கு ஒரு நுளம்பு வலை, பால்மா டின். தொட்டிக்கும் பெல்ட் போட்டான். "மணல் சாக்குக்கே போடுறோம், இதுக்குப் போடாம ஏலுமா" என்றான்.

நானா வந்தார்.

"ஆணி என்ன செல்லுது?"

"கம்பி ஈக்கி வாப்பா."

தூணுக்குப் போனார். கம்பியைத் தொட்டார். உள்ளங்கையைப் பார்த்தார். பிறகு மகனைப் பார்த்தார். பாஸில் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தான். நானா இடுப்பிலிருந்து சாவியை எடுத்துப் பூட்டைத் திறந்தார்.

"வரச்ச மெதுவா வா மகன். புள்ள ஈக்கி."

"நீங்க வாசல்லயே நில்லுங்க வாப்பா. அஸர் தொழுகைக்கு முந்தி ஒங்கட பேத்தி ஒங்கட கையில."

கண்டியில் அன்றைக்கு வெயில். பலாமரத்துக்குக் கீழே நிழல் கெட்டியாக விழுந்திருந்தது. பகல் சோறு சாப்பிட்டுவிட்டு நான் கை கழுவிக்கொண்டிருக்கும்போது நானாவின் ஃபோன் அடித்தது. அவர் எடுத்துக் காதில் வைத்தார். ஃபோனை என்னிடம் நீட்டினார். நான் வாங்கிக் கேட்டபோது, அந்தப் பக்கம் யாரோ ஒருவர் சிங்களத்தில், இந்த ஃபோனில் கடைசியாக எடுத்த நம்பர் இதுதான், நீங்கள் யார், நீங்கள் யார் என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

கலகெதர இறக்கத்தில் மழை பெய்திருக்கிறது. இங்கே ஒரு சொட்டு இல்லை, அங்கே ரோடு வழுவழு என்று கிடந்திருக்கிறது. நம் பக்கத்து மழை அப்படித்தான், ஒரு மலைக்குப் பெய்யும், மறு மலைக்குப் பெய்யாது. வளைவில் எதிரே என்ன வந்தது என்று யாருக்கும் தெரியாது. காலை எடுத்திருப்பான். கார் பக்கவாட்டாகப் போய் மதகுச் சுவரில், ஓட்டுகிறவனின் கதவோடு மோதியிருக்கிறது. நஸ்ரியாவின் வீட்டுக்கு அங்கிருந்து நடந்தே போகலாம். பின்சீட்டில் தொட்டி பெல்ட்டோடு அப்படியே இருந்ததாம். கீறல்கூட இல்லையாம்.

அன்றைக்கே அடக்கம். நான் மையவாடிச் சுவருக்கு இந்தப் பக்கம் நின்றேன். மண் போடுகிற சத்தம் கேட்டது. கராஜில் ஆற்றுமணலைச் சாக்கில் கொட்டுகிறபோதும் அதே சத்தம்தான் வரும்.

சில நாள் கழித்து போலீஸ் வேலையெல்லாம் முடிந்து, காரை லொறியில் கொண்டுவந்து பலாமரத்துக்குக் கீழே இறக்கிவிட்டுப் போனார்கள். நானா கராஜுக்கு வருவதையே விட்டிருந்தார். நான் மட்டும்தான் இருந்தேன். தார்ப்பாய்ப் படங்கை இழுத்து மூடப்போனவன், என்னவோ தோன்றி, தரையில் படுத்து அடியில் பார்த்தேன்.

கம்பி அங்கே இருந்தது. நாங்கள் பதம் போட்ட கம்பி, போல்ட் எல்லாம் இறுக்கமாக, ட்ராக்கின் சேறு காய்ந்துபோய் அப்படியே.

எழுந்து தூணுக்குப் போனேன். ஆணியிலும் கம்பி இருந்தது.

கழற்றிக் கையில் எடுத்தேன். அதே நீளம், அதே வளைவு, கறுப்புப் பெயின்ட். நுனியைத் திருப்பிப் பார்த்தால் லேத்தில் கடைந்த வரி பளபளத்தது. வெறும் பச்சை இரும்பு. காருக்குப் போட்டால் ஒரு நாளைக்கும் தாங்காது. காருக்குப் போடுவதற்காகச் செய்ததில்லை அது, ஆணிக்குப் போடுவதற்காகச் செய்தது. ஆணி உரசிய இடத்தில் பெயின்ட் ஒரே ஒரு கீற்றுத்தான் போயிருந்தது. அதற்கு முன்னால் பாஸில் இதைத் தொங்கவிட்டதில்லை. குழிக்குள் அன்றைக்குக் கேட்ட ஸ்பானர் சத்தம் எனக்காகப் போட்ட சத்தம். பாட்டும்தான்.

யார் கடைந்து கொடுத்தது என்று நான் தேடிப்போகவில்லை. தேடி என்ன செய்ய?

அந்த நேரம் ஊரெல்லாம் ஒரே பேச்சு. தேத்தண்ணிக் கடையில் என் காதுபடவே ஒருத்தன் சொன்னான்: "மகனுக்குக் காரு கட்டிக் குடுத்தாரா, பாடை கட்டிக் குடுத்தாரா?" பக்கத்தில் இருந்தவன் அவன் தொடையைத் தட்டி என்னைக் காட்டினான். நான் காசை வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். நானா வீட்டில் சோறு தண்ணி இல்லாமல் இருக்கிறார் என்றார்கள். யாரோடும் பேசுவதில்லை, தொழுகைக்கு மட்டும் எழும்புகிறார் என்றார்கள். தான் கட்டிய காரில் எங்கே பிழைவிட்டோம் என்று ஒவ்வொரு நட்டாக நினைத்துப் பார்த்துக்கொண்டிருப்பார் என்றுதான் நான் நினைத்தேன். அவர் அப்படிப்பட்ட மனுசன்.

பிறகு என்னை வரச்சொல்லி ஆள் அனுப்பினார்.

ஆணியில் இருந்த கம்பியைப் பற்றி என் வீட்டுக்காரியிடம் மட்டும் சொல்லியிருந்தேன். சட்டையை எடுத்துக் கொடுத்துக்கொண்டே கேட்டாள். "சொல்லப் போறீங்களா?"

"என்னத்த சொல்ல?"

"அவரு வேலையில பெழையில்லன்னு. அது தெரிஞ்சா மனுசன் ஒரு வாய் சோறு திம்பாரு."

"பெத்த புள்ள ஏமாத்திட்டுப் போனான்னும் தெரியுமே. மண்ணுக்குள்ள போன புள்ளய இனி எப்படிக் கூப்புட்டு ஏசுறது?"

அவள் என் சட்டைக் காலரை இழுத்துச் சரிபண்ணினாள். பிறகு, "எதச் சொன்னாலும் பாவந்தான். போயிட்டு வாங்க" என்றாள்.

போகிற வழியெல்லாம் சொல்வதா வேண்டாமா என்று புரட்டிக்கொண்டே போனேன். சொன்னால் அவருக்குத் தன் கைவேலை திரும்பக் கிடைக்கும், மகன் போய்விடுவான். சொல்லாவிட்டால் மகன் நல்லவனாகவே இருப்பான், இவர் மகனைக் கொன்றவராகவே சாவார். சந்திக்கு வந்தபோது சொல்லிவிடுவது என்று நினைத்தேன். அவருடைய வாசலுக்கு வந்தபோது சொல்வதில்லை என்று நினைத்தேன்.

முன் விறாந்தையில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார். இடுப்பில் வெள்ளைச் சாரம், வெள்ளைப் பனியன். களிசான் இல்லாமல் நான் அவரைப் பார்த்ததே குறைவு, யாரோ வேறு ஆளைப் போல இருந்தார். உள்ளறையில் நஸ்ரியா இத்தா இருந்தாள், புருசனை இழந்தவர்கள் வெளியே வராமல் இருக்கிற காலம் அது. பிள்ளை அழுகிற சத்தம் கேட்டது. அந்தப் பிள்ளையை வேறு யாரோ ஒரு வேனில் போய்த்தான் கூட்டிவந்திருந்தார்கள்.

"இரி ராமா. பிளேன்டி குடி."

குடித்தேன். இனிப்பா கசப்பா என்று தெரியவில்லை.

"கார் வந்திச்சா?"

"வந்திச்சுங்க நானா."

"படங்கு போட்டியா? பலாப்பழக் காலம்."

"போட்டேன்."

ரோட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு என்னைப் பார்க்காமலே கேட்டார்.

"அடியில பாத்தியா?"

நான் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"செல்லாட்டிப் பரவாயில்ல. கம்பி ஈக்கி. எனக்குத் தெரியும்."

"நானா..."

"அன்னைக்கே தெரியும் ராமா."

வலது கையை மடியிலிருந்து எடுத்து, உள்ளங்கையை விரித்துப் பார்த்தார். அதே பார்வை.

"ட்ராக்லேந்து அப்பதான் வந்த கார். சேறு, கிரீஸ் எல்லாம் ஒட்டணும். நான் தொட்ட. கையில ஒண்ணும் படல்ல. காஞ்ச இரும்பு. பெயின்ட் வாசம்." நிறுத்தினார். "புள்ளயப் பாக்கப் போறவன், தன்ட கையக் கழுவின மாதிரி கம்பியயும் தொடச்சிட்டான் எண்டு நான் நெனச்ச. நெனச்சா அது மனசுல நிக்கல்ல. ரெண்டு எட்டு வெச்சு, குனிஞ்சு அடியில பாத்தா முடிஞ்சி. பாக்கத்தான் நான் திரும்பின. திரும்பினா அவன்ட மூஞ்சி. நீயும் பாத்தியே. அவ்வளவு சந்தோசம். குனிஞ்சா அந்த மூஞ்சி சுருங்கும். வாப்பாவான பொறகும் இவர் என்னைய நம்பல்லயே எண்டு சுருங்கும். அதப் பாக்க எனக்கு ஏலாமப் போச்சு. நான் கேட்டத் தொறந்துட்ட."

உள்ளே பிள்ளையின் அழுகை நின்றுவிட்டது. யாரோ தூக்கியிருப்பார்கள்.

"ஊர் செல்றது சரிதான் ராமா. நீ ஒண்ணும் போய்ச் செல்ல வேணாம்."

ஊர் சொன்னது வேறு, அவர் சொன்னது வேறு. ஆனால் நான் யாரிடமும் போய்ச் சொல்லவில்லை. அவர் இருக்கும்வரை சொல்லவில்லை. கராஜை அதற்குப் பிறகு யாரும் திறக்கவில்லை, நானும் வேறு எங்கும் வேலைக்குப் போகவில்லை. இப்போது அவரும் இல்லை. நஸ்ரியா பிள்ளையோடு வெளிநாட்டில் இருக்கிறாள், போவதற்கு முன்னால் அவளே வந்து என்னிடம் கேட்டாள், கேட்டுத் தெரிந்துகொண்டுதான் போனாள். வெள்ளைக் காரில் வந்த அந்த இரண்டு பேரும் இந்நேரம் வேறு யாரிடமாவது அளவு வாங்கியிருப்பார்கள். லேத்துக்கும் கொடுத்திருப்பார்கள். அவர்களுக்கும் எங்காவது ஒரு வாசலில் யாராவது நின்றுகொண்டிருப்பார்கள், சாவியோடு.

அன்றைக்கு அந்த விறாந்தையிலிருந்து நான் எழும்பினேன். போயிட்டு வாறேன் நானா என்றேன். அவர் காதில் விழவில்லை. விரித்த உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு அந்தக் கையைச் சாரத்தின் இடது முழங்காலில் துடைத்தார். திருப்பிப் பார்த்தார். மறுபடி துடைத்தார். நான் கேட்டைத் தாண்டித் திரும்பிப் பார்த்தபோதும் துடைத்துக்கொண்டிருந்தார். சாரம் வெள்ளை வெளேர் என்றுதான் இருந்தது.